தூரத்து யந்திரம் தரும் ஜாபிதா

புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளும் ஒருவர், தம் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு டைரக்டரியைத் திறந்து, அதிலுள்ள கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும் காரியத்தை ஆரம்பப் பாடங்களிலேயே செய்துவிடுகிறார். அதையே ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள வேறொரு கம்ப்யூட்டரின் விஷயத்தில் செய்ய முற்படும்போதும், நடுவில் ஒரு கம்பி நீண்டு கிடக்கிறது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இராது என்றே எண்ணுகிறார். அப்படி எண்ணுவது நியாயந்தான். ஆனால், எப்.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கோப்புப் பரிமாற்ற முறையின் மூலம் "உன்னிடம் என்னென்ன இருக்கின்றன?" என்று கேட்டு, வருகின்ற பதிலை ஒரு புரோகிராம் பிழையறப் புரிந்துகொள்வதென்பது, கைதேர்ந்த நிபுணர்களையே இருபது வருஷத்துக்கு மேல் அலைக்கழித்த விவகாரம். கேள்வியில் ஒரு சிக்கலும் இல்லை. பதிலாக வரும் ஜாபிதா, மனிதர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்ற உத்தேசத்தோடு தயாரிக்கப்பட்டது. அதைப் படிக்க யந்திரங்கள் வந்து நின்றதிலிருந்துதான் தொல்லை தொடங்கிற்று.

எப்.டி.பி.க்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்னும் வலையில் இணைந்திருந்த சில கம்ப்யூட்டர்களுக்கிடையே கோப்புகளை அனுப்பவும் பெறவும் ஒரு பொது நியதி வேண்டும் என்று கருதி, 1971 ஏப்ரல் 16 என்று தேதியிட்டு, வலையின் நியதிகளை எழுதிவைக்கும் ஆர்.எப்.சி. என்ற ஆவண வரிசையில் 114 என்ற எண்ணோடு அதன் முதல் வரைவை எழுதி வெளியிட்டவர், அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் பட்டம் பெற்று, அப்போது அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த அபய் பூஷண். வெளிநாடு சென்று பெயரெடுத்த நம்மவர்களைப் பற்றி ஓயாமல் பேசும் நமக்கு இந்தப் பெயர் அவ்வளவாகப் பழக்கமில்லாமல் போனது விசித்திரமே. அந்த வரைவு பிற்பாடு பலர் கையால் பல தடவை திருத்தப்பட்டு, 1985 அக்டோபரில் ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இருவரும் வெளியிட்ட ஆர்.எப்.சி. 959 என்னும் ஆவணத்தில் நிலைபெற்றது. எப்.டி.பி. சம்பந்தமாக எதை எழுதுகிறவரும் இன்றைக்கும் முதலில் புரட்ட வேண்டிய தஸ்தாவேஜு அதுதான்.

இந்த முறையின் விசேஷ லட்சணம், பேச்சுக்கு ஓர் இணைப்பும் சரக்குக்கு வேறோர் இணைப்பும் என்று இரண்டைத் தனித்தனியே வைத்திருப்பது. காதி பண்டாரத்தில் ஒரு மேஜையில் பில் போட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு, துணியை இன்னொரு மேஜையில் போய் வாங்கிக்கொள்வோமே, ஏறக்குறைய அந்த ஏற்பாடு. சர்வர் தன் 21-ஆம் எண் போர்ட்டில் காத்திருக்கும்; நம் புரோகிராம் அங்கே போய் இணைந்தவுடன் 220 என்ற எண்ணைச் சொல்லி வரவேற்கும். யூசர் என்ற உத்தரவோடு பெயரைச் சொன்னால் 331 என்று பதில் வரும். பெயரை ஏற்றுக்கொண்டோம், கடவுச்சொல் எங்கே என்பது அதன் பொருள். பாஸ் என்ற உத்தரவோடு அதையும் கொடுத்தால் 230, உள்ளே வரலாம். இந்த எண்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இரண்டில் தொடங்கினால் காரியம் முடிந்தது, மூன்றில் தொடங்கினால் இன்னும் ஏதோ தர வேண்டும், நான்கில் தொடங்கினால் இப்போதைக்கு முடியாது, ஐந்தில் தொடங்கினால் முடியவே முடியாது என்று வகுத்து, எண்ணைப் புரோகிராமுக்காகவும் அதை அடுத்து வரும் ஆங்கில வாசகத்தை மனிதருக்காகவும் என்று அத்தனை தீர்க்காலோசனையோடு அமைத்திருக்கிறார்கள். அதே மனிதர்கள் ஜாபிதாவின் விஷயத்தில் மட்டும் ஏன் கையை விரித்துவிட்டார்கள் என்பதுதான் படிக்கிறவரை ஆச்சரியத்தில் ஆழ்த்துகிறது.

உள்ளே நுழைந்து, வேண்டிய டைரக்டரிக்குப் போய்ச் சேர்ந்தபின், சரக்கு வருவதற்கான இணைப்பைத் திறக்க வேண்டும். பாஸ்வ் என்ற உத்தரவைக் கொடுத்தால் சர்வர் 227 என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் ஆறு எண்களைத் தரும். 192, 168, 1, 10, 195, 80 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் நான்கும் முகவரி. கடைசி இரண்டும் சேர்ந்து போர்ட் எண்ணைக் குறிக்கும். 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50000. நம் புரோகிராம் அந்த 50000-ஆம் போர்ட்டில் இணைந்துகொண்டு, பேச்சுக்கான பழைய இணைப்பில் லிஸ்ட் என்று உத்தரவிட்டால், 150 என்ற பதில் அங்கே வரும், ஜாபிதா இங்கே வரும், வந்து முடிந்ததும் 226 என்ற பதில் மீண்டும் அங்கே வரும். ஆதியில் இந்த ஏற்பாடு தலைகீழாக இருந்தது. நாம் ஒரு போர்ட்டைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க, சர்வர் தன் 20-ஆம் போர்ட்டிலிருந்து நம்மைத் தேடி வரும். வீட்டு ரௌட்டர்களும் பயர்வால்களும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் இக்காலத்தில் அப்படி வருகிறவரை யாரும் உள்ளே விடுவதில்லை. 1994-ஆம் வருஷமே ஸ்டீவ் பெலோவின் என்பவர் பாஸ்வ் வழியே உசிதமானது என்று தனி ஆர்.எப்.சி. எழுதினார். பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டு, ஜாபிதா கேட்ட மாத்திரத்தில் புரோகிராம் அசையாமல் நின்றுபோகிறதே என்று தலையைச் சொறிகிறவர்கள், பெரும்பாலும் இந்த இரண்டாவது இணைப்பில்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

இனி ஜாபிதாவையே கையில் எடுத்துப் பார்ப்போம். யூனிக்ஸ் வம்சத்துச் சர்வர் ஒன்று அனுப்பும் ஒரு வரியில், முதலில் பத்து எழுத்துகள் நெருக்கமாக நிற்கும். அவற்றில் முதல் எழுத்து 'டி' என்றால் அது டைரக்டரி, வெறும் கோடு என்றால் சாதாரணக் கோப்பு. எஞ்சிய ஒன்பதும் யார் யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்னும் அனுமதி விவரம். அப்புறம் இணைப்புகளின் எண்ணிக்கை, உரிமையாளர் பெயர், குழுவின் பெயர், பைட் கணக்கில் அளவு, தேதி, கடைசியில் கோப்பின் பெயர். மனிதர் ஒருவர் இதைப் பார்த்தால் ஒரு நொடியில் விஷயத்தைக் கிரகித்துக்கொள்வார். புரோகிராமோ, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல், இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வரியை வெட்டும். ஒன்பதாவது துண்டே பெயர் என்று கொண்டால், பெயருக்குள்ளேயே இடைவெளி இருக்கும் "வரவு செலவு 2019" என்ற கோப்பு "வரவு" என்று குறைந்துபோகும். சில சர்வர்கள் குழுவின் பெயரைக் காட்டுவதில்லை. அங்கே அதற்குப் பின்வரும் துண்டுகளெல்லாம் ஓரிடம் முன்னே தள்ளி நிற்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சங்கடம் தேதியில் இருக்கிறது. யூனிக்ஸின் பழைய வழக்கப்படி, கோப்பு சுமார் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் மாதம், நாள், மணி, நிமிஷம் ஆகியவை காட்டப்படும், வருஷம் காட்டப்படாது; அதைவிடப் பழையதாக இருந்தால் வருஷம் காட்டப்படும், மணியும் நிமிஷமும் போய்விடும். திரையில் இடத்தைச் சேமிக்கச் செய்த இந்த யுக்தி, பார்க்கிறவருக்கு இன்றைய தேதி தெரியும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. ஜனவரி 2-ஆம் தேதி இயங்கும் ஒரு புரோகிராமின் முன் "டிசம்பர் 30, 12.10" என்ற வரி வந்தால், மனிதராயிருந்தால் சென்ற வருஷம் என்று சொல்லாமலே எடுத்துக்கொள்வார், வருஷம் இல்லாத இடத்தில் நடப்பு வருஷத்தைப் போடு என்று கற்பிக்கப்பட்ட புரோகிராமுக்கோ அந்தக் கோப்பு பன்னிரண்டு மாதம் கழித்து வரப்போகும் எதிர்காலத்துக் கோப்பாகத் தோன்றும். வருஷம் முழுவதும் ஒழுங்காக ஓடிவிட்டுப் புத்தாண்டு பிறந்ததும் தடுமாறும் புரோகிராம்களின் ரகசியங்களில் இதுவும் ஒன்று. அந்த மணியாவது எந்த ஊர் மணி? லண்டன் மணியா, சென்னை மணியா, சர்வரை நிறுவியவர் மனம்போனபடி வைத்த மணியா என்பதற்கு வரியில் ஓர் அடையாளமும் கிடையாது.

யூனிக்ஸோடு நின்றாலும் பாதகமில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சர்வர் தன் பழைய டாஸ் பாணியில் தேதியை முன்னால் வைத்து, மாதம், நாள், இரண்டே இலக்கத்தில் வருஷம் என்று எழுதும்; நாளை முதலில் எழுதிப் பழகிய நமக்கு 03-07-19 என்பது ஜூலை 3 என்று படும், அது சொல்வதோ மார்ச் 7. வி.எம்.எஸ். என்ற யந்திர அமைப்பில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் அரைப்புள்ளி இட்டு எத்தனையாவது பதிப்பு என்ற எண் வரும். பெயர் நீண்டுவிட்டால் ஒரே கோப்பின் விவரம் இரண்டு வரிகளாக மடிந்துபோகும். ஐ.பி.எம்.மின் பெரிய யந்திரங்களுக்கு வேறொரு சம்பிரதாயம். ஜாவா மொழிக்காரர்கள் கையாளும் அப்பாச்சி காமன்ஸ் நெட் என்ற நூலகத்தில், யூனிக்ஸுக்கு ஒன்று, வி.எம்.எஸ்.ஸுக்கு ஒன்று, விண்டோஸ் என்.டி.க்கு ஒன்று, ஓ.எஸ்.2-க்கு ஒன்று, நெட்வேருக்கு ஒன்று என்று ஜாபிதா படிக்கும் பகுதிகளைத் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறார்கள், அந்த நூலகம் முதலில் சிஸ்ட் என்ற உத்தரவால் "நீ எந்த வம்சம்?" என்று சர்வரை விசாரித்துவிட்டுத்தான் எந்தப் பகுதியை ஏவுவது என்று தீர்மானிக்கும். போதாக்குறைக்கு, மாதப் பெயர்களைப் பிரெஞ்சிலோ ஜெர்மன் மொழியிலோ எழுதும் சர்வர்களுக்காக மொழியையும் சொல்லிவைக்க அதில் வசதி உண்டு. டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞர், இந்த அலங்கோலத்தைப் பொறுக்கமாட்டாமல், புரோகிராம்கள் சுலபமாகப் படிக்கத்தக்க ஒரு ஜாபிதா வடிவத்தைத் தாமே வகுத்துத் தம்முடைய சர்வரில் அமல்படுத்திப் பார்த்தார். ஊர் முழுவதும் அவர் பின்னால் போகவில்லை.

இதில் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆர்.எப்.சி. 959-ஐ எழுதியவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. கோப்பைப் பற்றிய தகவல் யந்திரத்துக்கு யந்திரம் வெகுவாக மாறுபடும் ஆதலால், லிஸ்ட் தரும் பதிலைப் புரோகிராம் தானாகப் பயன்படுத்துவது கஷ்டமாகலாம், மனிதருக்கோ அது நன்கு உபயோகப்படலாம் என்ற பொருள்பட அதிலேயே எழுதியிருக்கிறார்கள். புரோகிராமுக்கென்று என்.எல்.எஸ்.டி. என்ற இன்னோர் உத்தரவையும் வைத்தார்கள். அது பெயர்களை மட்டும், வரிக்கு ஒன்றாகத் தரும். ஆனால் வெறும் பெயரை வைத்துக்கொண்டு எது கோப்பு, எது டைரக்டரி, எது நேற்று வந்தது, எது பழையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது மட்டுமல்ல, டைரக்டரி காலியாக இருக்கும்போது சில சர்வர்கள் வெறும் ஜாபிதாவைத் தருவதை விட்டு 550 என்று மறுத்துவிடுகின்றன. அந்தப் பெயரில் டைரக்டரியே இல்லை என்றாலும் அதே 550-தான். ஆகவே எழுதுகிறவர்கள் எச்சரிக்கையைப் படித்துவிட்டும் லிஸ்டையே நாடினார்கள்.

இவ்வளவு குறையுடைய ஜாபிதாவையே மூலதனமாக வைத்து ஒருவர் சரித்திரப் பிரசித்தி பெற்ற காரியம் ஒன்றைச் செய்தார். 1990 வாக்கில், வெப் என்பது இன்னும் ஜனங்களை வந்தடையாத காலம். உலகெங்கும் சர்வகலாசாலைகளில், அனானிமஸ் என்று பெயர் சொல்லி யாரும் நுழையக்கூடிய எப்.டி.பி. களஞ்சியங்கள் பல இருந்தன. மரியாதைக்குத் தம் இமெயில் முகவரியைக் கடவுச்சொல்லாகத் தருவது வழக்கம். எந்தப் புரோகிராம் எந்தக் களஞ்சியத்தில் கிடைக்கும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. பார்படோஸ் தீவில் பிறந்து, கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மெக்கில் சர்வகலாசாலையில் இருந்த அலன் எம்டேஜ், இந்தக் களஞ்சியங்களுக்கு ஒவ்வொன்றாகச் சென்று அவற்றின் முழு ஜாபிதாவையும் வாங்கிவந்து சேர்த்துவைக்கும்படி ஒரு புரோகிராம் எழுதினார். பில் ஹீலன், பீட்டர் டாய்ச் ஆகியோரின் உதவியோடு அது ஆர்ச்சி என்ற பெயரில் எல்லோருக்கும் கிடைத்தது. களஞ்சியங்களுக்குப் பாரமாகிவிடக்கூடாதென்று மாதத்துக்கு ஒரு முறை என்ற அளவிலேயே ஜாபிதாவைப் புதுப்பித்தார்கள். கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஆர்ச்சிக்குத் தெரியாது. பெயர் தெரியும், எந்த ஊரில் எந்த டைரக்டரியில் என்பது தெரியும், அவ்வளவே. இருந்தும் இன்டர்நெட்டின் முதல் தேடுபொறி என்ற ஸ்தானம் அதற்கே உரியது. தேடலுக்கு ஜாபிதாவே போதும் என்று கண்டுகொண்டதில்தான் எம்டேஜின் சாமர்த்தியம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நோய்க்கு மருந்து 2007 மார்ச்சில் வந்தது. ஆர்.எப்.சி. 3659 என்ற ஆவணம் எம்.எல்.எஸ்.டி. என்ற புதிய உத்தரவை ஏற்படுத்தியது. 959 வெளிவந்து இருபத்திரண்டாவது வருஷம். இந்த உத்தரவுக்கு வரும் வரிகளில் ஊகத்துக்கு இடமில்லை. வகை இன்னது, அளவு இவ்வளவு, திருத்தப்பட்ட காலம் இன்னது என்று ஒவ்வொரு தகவலும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு, சமக்குறிக்குப் பின் தன் மதிப்பைத் தாங்கி, அரைப்புள்ளியோடு முடிகிறது. காலம் என்பது வருஷம், மாதம், நாள், மணி, நிமிஷம், விநாடி என்று பதினான்கு இலக்கங்கள். அதுவும் உலகப் பொது நேரத்தில். 20190307061500 என்று கண்டால், 2019 மார்ச் 7, பொது நேரம் காலை ஆறே கால். நம்மூரில் அப்போது காலை 11.45. தகவல்களெல்லாம் முடிந்து முதல் இடைவெளி வந்ததும், அதன்பின் வரி முடியும்வரை எத்தனை இடைவெளிகள் இருந்தாலும் அத்தனையும் பெயர். "வரவு செலவு 2019" முழுசாக வந்து சேர்ந்துவிடும்.

பைதான் மொழியில் இவையெல்லாம் எப்.டி.பி.லிப் என்ற தொகுதியில், மொழியோடு கூடவே வருகின்றன. சர்வரின் பெயரைக் கொடுத்து இணைப்பை உண்டாக்கி, லாகின் செய்து, எம்.எல்.எஸ்.டி.யை அழைத்தால், பெயரும் அதற்குரிய தகவல் தொகுப்புமாக ஒவ்வொன்றும் கையில் வந்து விழும். எல்லாம் நாலைந்து வரிகளுக்குள் அடங்கும். பைதான் 3.3-இலிருந்து இந்த வசதி இருக்கிறது, பி.எச்.பி. மொழிக்கு 7.2-ஆம் பதிப்பில் வந்தது. தமிழில் பெயரிட்ட கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. பைதான் 3.9-க்கு முன்புவரை இந்தத் தொகுதி, வரும் பெயர்களை லத்தீன்-1 என்ற ஐரோப்பியக் குறியீடாகவே எடுத்துக்கொண்டது. யு.டி.எப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆகையால், ஒரு குறி மூன்று அந்நியச் சின்னங்களாகச் சிதறும்: தலையில் சாய்கோடு இட்ட 'ஏ', அதையடுத்துப் பெரும்பாலும் வட்டத்துக்குள் 'ஆர்', மூன்றாவதாக ஏதோ ஒன்று. இந்த இரண்டும் அடிக்கடி சேர்ந்து வருவதைப் பார்த்தால், கோப்பு கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். தமிழ் பத்திரமாக இருக்கிறது, குறியீடு தவறாகச் சொல்லப்பட்டிருக்கிறது, அதை யு.டி.எப்-8 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

வந்த ஜாபிதா முழுமையானதா என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. எப்.டி.பி.யில் சாதாரணமாக, சரக்கு முடிந்தது என்பதற்கு அடையாளம் அந்த இரண்டாவது இணைப்பு மூடப்படுவதுதான். நடுவழியில் அது அறுந்துபோனாலும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். பேச்சு இணைப்பில் 226 வந்து சேர்ந்த பிறகே ஜாபிதா பூரணம். தூரத்து டைரக்டரியில் இல்லாததையெல்லாம் இங்கேயும் அழித்து இரண்டையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் புரோகிராம் ஒன்று, பாதி ஜாபிதாவை முழு ஜாபிதாவென்று நம்பினால் விளையும் நஷ்டத்தை விவரிக்க வேண்டியதில்லை. இன்னொன்று: பெயர் ஜாபிதாவில் ஏறிவிட்டது என்பதனால் கோப்பு வந்து முடிந்துவிட்டது என்று ஆகாது, மறுபுறத்தில் யாரோ ஏற்றிக்கொண்டிருக்கும் கோப்பும் பாதி அளவோடு அதில் தலைகாட்டும். ஆகவே ஏற்றுகிறவர்கள் ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்தபின் உண்மைப் பெயருக்கு மாற்றுவதென்று ஒப்பந்தம் செய்துகொள்வது வியாபார உலகில் வழக்கமாகிவிட்டது.

எப்.டி.பி.யின் கடவுச்சொல் மறைப்பின்றி வெளிப்படையாகவே கம்பியில் ஓடுகிறது. வழியில் ஒட்டுக்கேட்கிறவர் எவரும் எடுத்துக்கொள்ளலாம். இக்காரணத்தாலும் பிறவற்றாலும் லினக்ஸ் கெர்னல் களஞ்சியம் 2017 மார்ச்சிலும், டெபியன் அமைப்பு அதே வருஷம் நவம்பரிலும் பொதுஜனங்களுக்கான எப்.டி.பி. சேவையை நிறுத்தின, 2021-இல் பயர்பாக்ஸும் குரோமும் அதைத் தம்மிடமிருந்து அகற்றிவிட்டன. அதன் இடத்தில் பலர் கையாளும் எஸ்.எப்.டி.பி., பெயர் ஒத்திருந்தாலும் முற்றிலும் வேறு முறை. அது அளவையும் தேதியையும் தனித்தனி எண்களாகத் தருவதோடு, மனிதர் பார்வைக்கென்று யூனிக்ஸ் பாணி வரி ஒன்றையும் கூடவே அனுப்புகிறது, அந்த வரியைப் புரோகிராம்கள் பாகம் பிரிக்க முற்படக் கூடாது என்று அதன் வரைவில் கண்டிப்பாக எழுதியிருக்கிறார்கள். அனுபவம் பேசுகிறது.

இருந்தாலும் எப்.டி.பி. மறைந்துவிடவில்லை, ஜீன்களின் விவரங்களைத் திரட்டிவைத்திருக்கும் அமெரிக்க அரசின் உயிரித்தொழில்நுட்பத் தகவல் மையம் முதல், அச்சகங்கள், தொழிற்சாலைகள்வரை அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எழுதுகிறவர்களுக்கும் அந்த வேலை வந்துகொண்டே இருக்கிறது. அப்படி வந்தால், முதலில் பீட் என்ற உத்தரவைக் கொடுத்துச் சர்வருக்கு என்னென்ன தெரியும் என்று கேளுங்கள். அது சொல்லும் வரிசையில் மேற்சொன்ன எம்.எல்.எஸ்.டி. என்ற பெயர் இராது; அதன் கூடப் பிறந்ததும், ஒற்றைக் கோப்பின் விவரத்தைத் தருவதும், தமிழில் எழுதினால் அதே பெயராகத் தோன்றுவதுமான இன்னோர் உத்தரவின் பெயரே இரண்டுக்கும் பொதுவாக இருக்கும். கடைசி எழுத்தாக 'டி' என்று உச்சரிக்கப்படும் எழுத்து ஆங்கில நெடுங்கணக்கில் இருபதாவதா (T), நான்காவதா (D) என்று பார்த்துக்கொள்ளுங்கள், இருபதாவது எழுத்தில் முடிவது வரிசையில் இருந்தால் நான்காவதில் முடிவதும் உண்டு. பிரபலமான சில சர்வர்களில் இன்னும் அது இல்லை. அங்கே என்.எல்.எஸ்.டி.யால் பெயர்களை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் சைஸ், எம்.டி.டி.எம். என்ற உத்தரவுகளால் அளவையும் காலத்தையும் கேட்டுப் பாருங்கள். சற்றுத் தாமதமாகும், ஆனால் சரியாக வரும். அதுவும் நடவாமல் லிஸ்டைத்தான் படித்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் நேர்ந்தால், அந்த வரிகளை வெட்டும் புரோகிராமைப் புதிதாக எழுத உட்காராதீர்கள்; அதைப் பலர் பல வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டு எழுதிவைத்திருக்கிறார்கள், அவர்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்.